சுமைகூலி முக்கால் பணம்

டீ வரட்டும், அதற்குள் கணக்கை ஆரம்பித்துவிடலாம். ஐநூறு டாலருக்கு வாங்கிய ஒரு டூப்ளிகேட் ரோலெக்ஸ் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றாக ஒரிஜினல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் செலவு எங்கே போய் நிற்கும்? என் அக்கா மகன் கேட்ட கேள்வி இது. "மாமா, கண்ணாடியும் டயலும் மட்டும் ஒரிஜினல் போட்டுட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதே யோசனையில் பணத்தைக் கரைத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். போலி உடம்பில் அசல் உறுப்பு பொருத்திய இந்த மாதிரி வாட்சுக்கு, மேரி ஷெல்லி நாவலில் பல உடல்களின் பாகங்களைச் சேர்த்துச் செய்த பூதத்தை வைத்து, 'ஃபிராங்கன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பொதுவாகப் பேசினால் கணக்கு பிடிபடாது. ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: ரோலெக்ஸ் சப்மரைனர் 16610. எண்பதுகளின் கடைசியில் வந்து 2010 வரை விற்றது. 40 மில்லிமீட்டர் எஃகு, கறுப்பு அலுமினிய வளையம், மூன்று மணிப் பக்கம் தேதி, 300 மீட்டர் ஆழம் தாங்கும் என்ற உத்தரவாதம். மிக அதிகமாகக் காப்பி அடிக்கப்பட்ட வாட்சுகளில் இதுவும் ஒன்று. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய மாடல் என்பதால் பழைய பாகங்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருப்பது 3135 என்ற மெஷின். 31 கல், மணிக்கு 28,800 துடிப்பு, விட்டம் 28.5 மில்லிமீட்டர். கடைசி எண்ணை மட்டும் மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதல் சிக்கல், ஒரிஜினல் பாகம் எங்கே கிடைக்கும் என்பது. ரோலெக்ஸ் கடைக்குப் போய் "ஒரு டயல் கொடுங்க" என்று கேட்டு வாங்க முடியாது. கம்பெனி உதிரிபாகத்தைத் தன் அங்கீகாரம் பெற்ற பட்டறைகளுக்குத்தான் கொடுக்கும். சர்வீசில் டயலோ முள்ளோ மாற்றினால் பழையதைத் தானே வைத்துக்கொள்வதும் வழக்கம். ஆகவே வெளிச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு அசல் டயலும் பிரித்துப்போட்ட ஏதோ ஒரு அசல் வாட்சிலிருந்தோ, தொழிலை விட்ட ஏதோ ஒரு மெக்கானிக்கின் டப்பாவிலிருந்தோ வந்ததாக இருக்கும். வரத்து கொஞ்சம், வாங்க நிற்பவர்கள் அதிகம். தங்கள் பழைய அசல் ரோலெக்ஸைச் சரிசெய்ய நினைப்பவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். இதற்கு நடுவே 'ஒரிஜினல்' என்று சொல்லிப் போலி பாகத்தையே தலையில் கட்டுபவர்களும் உண்டு. போலி வாட்சை அசலாக்கப் போனவன் போலி டயலை அசல் விலைக்கு வாங்கி வருவது இந்த வியாபாரத்தில் சகஜம்.

சரி, நல்ல பாகமாகவே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஆரம்பிப்பது கண்ணாடியில்தான். தேதிக்கு மேலே ஒட்டியிருக்கும் பூதக்கண்ணாடிக் குமிழ் அசலில் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். தேதி அந்தச் சதுரத்தையே நிரப்பிக்கொண்டு நிற்கும். மட்டமான காப்பிகளில் எண் சோம்பலாக நடுவில் கிடக்கும். அசல் கண்ணாடியை வாங்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் கண்ணாடி ஒரு வளையத்துக்கும் ரப்பர் மாதிரியான கேஸ்கெட்டுக்கும் நடுவே அழுத்திப் பொருத்தப்படுவது. போலி கேஸின் வாய் ஒரு மயிரிழை பெரிதாக இருந்தாலும் கண்ணாடி உட்காரும், தண்ணீரும் உள்ளே போகும். அப்புறம் அசல் கேஸ்கெட், அசல் வளையம், லேத்தில் கொஞ்சம் கடைசல். கண்ணாடிக்குக் கொடுத்த காசை மெக்கானிக்குக்கும் ஒருமுறை கொடுக்க வேண்டிவரும்.

சாவி கொடுக்கும் திருகு, அதாவது கிரவுன், இதைவிட வம்பு. சப்மரைனரில் வருவது டிரிப்லாக். 1970இல் ரோலெக்ஸ் கொண்டுவந்தது. கிரீடச் சின்னத்துக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கும். கிரவுனை மட்டும் வாங்கிப் பிரயோஜனமில்லை. அது திருகி உட்காருவது கேஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழாயின் மேல். அந்தக் குழாயும் அசலாக இருக்க வேண்டும். போலி கேஸில் அந்தத் துளையின் அளவும் மரையும் பெரும்பாலும் ஒத்துவராது. பழைய குழாயைத் துளைத்தெடுத்து, துளையைப் பெரிதாக்கி, புது மரை வெட்ட வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் கேஸ் போச்சு. கேஸ் போனால் இன்னொரு ஐநூறு டாலர்.

இப்போது டயல். இந்த விளையாட்டின் மொத்தக் கதையும் டயலின் பின்புறத்தில்தான் இருக்கிறது. டயலைத் திருப்பினால் இரண்டு சின்னச் செப்புக் கால்கள் தெரியும், குண்டூசி கனம்கூட இருக்காது. மெஷினில் அதற்கென்று இரண்டு துளை உண்டு. கால்கள் அதில் இறங்கி நின்றால்தான் டயல் ஆடாமல் இருக்கும். 16610 டயலின் கால்கள் 3135இன் துளைகளுக்குத் தக்கபடி வைத்தவை. போலிகளில் நெடுங்காலமாக இருந்துவருவது 3135 அல்ல. சுவிட்சர்லாந்து ஈட்டாவின் 2824-2, 2836-2 மெஷின்களும், அவற்றைப் பார்த்துச் சீனாவில் செய்தவையும்தான். விட்டம் 25.6 மில்லிமீட்டர். துளைகளின் இடம் வேறு. ஆகவே அசல் டயலை இவற்றின் மேல் வைக்க ஒரே வழி, கால்களை வெட்டிவிட்டுப் பின்னால் இருபக்கப் பசை வைத்து ஒட்டுவது.

வெட்டும்போது 'டிக்' என்று சின்னதாகத்தான் சத்தம் வரும். எழுநூறு டாலர் கொடுத்த டயலின் விலை அந்தச் சத்தத்தோடு சரிகிறது. கால் இல்லாத டயலை அசல் வாட்ச் வைத்திருப்பவன் வாங்கத் தயங்குவான். வாங்கினாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். முள்ளுக்கும் இதே கதிதான். மணி முள், நிமிட முள், வினாடி முள் மூன்றின் துளைகளும் மெஷினின் அச்சுக்குத் தக்க அளவில் இருக்கும். ஈட்டாவில் அது மில்லிமீட்டரில் 1.50, 0.90, 0.25. ரோலெக்ஸ் முட்களின் அளவு வேறு. துளையைத் தேய்த்துப் பெரிதாக்கலாம், அல்லது இறுக்கலாம். எதைச் செய்தாலும் அந்த முள் திரும்ப ஒரு ரோலெக்ஸில் ஏறாது.

மருமகனுக்கு இந்த இடத்தைத்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பாகம் அசல் விலைக்கு வருகிறது. போலிக்குள் நுழைவதற்காக அதை முடமாக்குகிறோம். முடமான பிறகு அது அசலுக்கும் உதவாது, போலியையும் அசலாக்காது. செலவு என்று நாம் எழுதிக்கொள்வது கொடுத்த பணத்தைத்தான். கெடுத்த பொருளின் மதிப்பை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

"அப்ப மெஷினையும் ஒரிஜினலே போட்டுடுவோமே மாமா, காலை வெட்ட வேணாமே" என்றான். கெட்டிக்காரன்தான். அதற்குத்தான் அந்த 28.5ஐ மறக்காதீர்கள் என்றேன். 25.6 மில்லிமீட்டர் மெஷினுக்காகக் குடைந்த கேஸில் 28.5 மில்லிமீட்டர் மெஷின் இறங்காது. இறங்கும்படி கடைந்தாலும் உயரம் ஒத்துவராது. கிரவுனிலிருந்து உள்ளே போகும் தண்டு மெஷினின் வாய்க்கு நேராக நிற்காது. 3135இன் வடிவத்தையே காப்பியடித்த மெஷினோடு வரும் விலை கூடிய போலிகளும் இப்போது உண்டு. அந்தக் கேஸில் அசல் 3135 ஏறக்கூடும், டயலின் காலும் தப்பும். ஆனால் அங்கேயும் காப்பிக்குக் காப்பி அளவு மாறும். தேய்த்தும் தகடு வைத்தும்தான் உட்கார்த்த வேண்டியிருக்கும். அசல் 3135இல் சமநிலைச் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் பாலம் இருக்கிறது. நேரத்தைக் கூட்டிக் குறைக்கச் சக்கரத்திலேயே பதித்த குட்டித் திருகுகள் இருக்கின்றன. அவற்றைத் திருப்பத் தனிக் கருவி வேண்டும். இந்த மெஷினுக்காகத்தான் ரோலெக்ஸ்காரன் விலை சொல்கிறான். அதை வாங்கிப் போலிக் கூட்டுக்குள் வைப்பது என்ன புத்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு உத்தேசக் கணக்குப் போடுவோம். பாகத்தின் நிலை, விற்பவர், வாங்கும் நாள் எல்லாவற்றையும் பொறுத்து மாறும், இதை விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போலி வாட்ச் 500 டாலர். கண்ணாடி 200, கிரவுனும் குழாயும் 200, வளையத்தின் அலுமினியத் தகடு 200 என்று வைப்போம். டயலுக்கு 700, முட்களுக்கு 300. மெஷினுக்கு 3,000. செயினுக்கு, அது 93150ஆக இருந்தாலும் பின்னால் வந்த 93250ஆக இருந்தாலும், 1,500. இதையெல்லாம் செய்துகொடுக்கச் சம்மதிக்கும் ஒருவர் கிடைத்தால் அவர் கூலி 600. கூட்டினால் 7,200 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே ஐநூறு டாலர் சுண்டைக்காய்க்கு ஆறாயிரத்து எழுநூறு டாலர் சுமைகூலி. கையில் ஏறிய, ஆனால் நல்ல நிலையில் இருக்கும் முழு அசல் 16610 எட்டாயிரம், ஒன்பதாயிரம் டாலர் வட்டாரத்தில் கைமாறுகிறது. மிச்சம் பிடித்தது ஆயிரத்துச் சொச்சம். அந்த ஆயிரத்துச் சொச்சத்துக்காக விட்டுக்கொடுத்தது வாட்சையே.

ஏனென்றால் மேலே போட்ட கணக்கில் ஒரு பாகம் இல்லை, கவனித்தீர்களா? கேஸ். செயினைக் கழற்றினால் ஆறு மணிப் பக்கம் கொம்புகளுக்கு நடுவே வரிசை எண்ணும், பன்னிரண்டு மணிப் பக்கம் மாடல் எண்ணும் செதுக்கியிருக்கும். அந்த வரிசை எண்தான் வாட்சின் அடையாளம். டயல் மாறலாம், முள் மாறலாம், சர்வீசில் மெஷினின் பாதிகூட மாறலாம். அந்த எண் தாங்கிய கேஸ் அசலாக இருக்கும்வரை அது ரோலெக்ஸ். போலி கேஸில் இருக்கும் எண் எங்கிருந்தோ எடுத்தது. அதே எண்ணோடு ஒரு பெட்டி நிறைய வாட்ச் இருக்கக்கூடும். கேஸையும் அசலாக வாங்கிவிட்டால் பிரச்சினை தீரும், ஆனால் அதற்குள் நீங்கள் ஒரு அசல் ரோலெக்ஸைத் துண்டு துண்டாக, கூடுதல் விலைக்கு வாங்கி முடித்திருப்பீர்கள்.

எங்கே ஆரம்பித்தாலும் இடையில் நிறுத்துவதும் சுலபமில்லை. வெள்ளையடித்த சுவருக்குப் பக்கத்துச் சுவர் திடீரென்று அழுக்காகத் தெரியும் அல்லவா, அப்படித்தான். அசல் கண்ணாடி போட்ட அன்றைக்குப் போலி டயலின் எழுத்து தடிமனாகத் தெரிய ஆரம்பிக்கும். டயலை மாற்றினால் முள்ளின் பச்சை ஒளியும் டயலின் ஒளியும் வேறு வேறாகத் தெரியும். இந்த மாடலின் தொடக்க வருடங்களில் டிரிட்டியம். தொண்ணூறுகளின் கடைசியில் லுமினோவா, பிறகு சூப்பர்-லுமினோவா. எந்த வருடத்து டயலுக்கு எந்த வருடத்து முள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு தூக்கம் வராது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லா மாடலிலும் இவ்வளவு சிரமம் இல்லை. பனேராய் லுமினார் 111 என்ற மாடலில் கம்பெனியே பயன்படுத்தியது யூனிடாஸ் 6497 என்ற பழைய பாக்கெட் வாட்ச் மெஷினை மெருகேற்றித்தான். அந்த மெஷினின் வடிவத்தைச் சீனாவில் அளவு பிசகாமல் செய்கிறார்கள். போலியில் இருப்பதைக் கழற்றி சுவிஸ் 6497ஐ வைப்பது, தெரிந்தவர் கையில், ஒரு மாலை வேலை. ரோலெக்ஸின் தங்கை கம்பெனியான டியூடரும் பல சப்மரைனர்களில் ஈட்டா மெஷினைத்தான் வைத்தது. அசல் டியூடர் டயலும் முள்ளும் ஈட்டாவில் காலை வெட்டாமலே உட்காரும். இந்த விளையாட்டில் ஊறியவர்கள் இந்த மாடல்களையே தேடிப் போவதற்குக் காரணம் இதுதான். ஆனால் சுலபம் வேறு, பிரயோஜனம் வேறு. அங்கேயும் கேஸ் போலிதான்.

பெரும்பாலான பாகங்கள் அசலாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வந்தது. மாடல் 2915-1, 1957இல் வந்த முதல் வரிசை. கறுப்பு டயல் வெயில்பட்டுப் பழுப்பேறியது. எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் சுவிஸ் பிராங்க் வரை போகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 31 லட்சத்து 15 ஆயிரத்து 500 பிராங்குக்கு. ஸ்பீட்மாஸ்டர் ஒன்றுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. வாங்கியது வேறு யாருமில்லை, தன் அருங்காட்சியகத்துக்காக ஒமேகாவே.

2023இல் ஒமேகா வாய் திறந்தது. அந்த வாட்ச் பல இடங்களிலிருந்து பாகங்கள் சேர்த்துக் கோத்தது, பெரும்பாலானவை அசல் பாகங்கள், இதில் தன் முன்னாள் ஊழியர்கள் மூவருக்குப் பங்கு உண்டு என்று சொன்னது. அவர்களில் ஒருவர் அதே அருங்காட்சியகப் பிரிவைக் கவனித்துவந்தவர். யோசித்துப் பாருங்கள். கம்பெனியின் பழைய பதிவேடுகள் கையில் இருந்தும், பெரும்பாலும் அசல் பாகங்களை வைத்தே செய்தும், கடைசியில் அது 'ஃபிராங்கன்' என்றுதான் தீர்ப்பானது. பாகம் பாகமாக அசல் என்பதும் முழுசாக அசல் என்பதும் ஒன்றில்லை என்று முப்பத்தோரு லட்சம் பிராங்க் கொடுத்தவர்களே சொல்லிவிட்டார்கள். போலிக் கூட்டில் நாலு அசல் பாகம் வைத்த நம்முடையது எந்த மூலைக்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ரோலெக்ஸுக்கும் மிஷெல் கம்பெனி என்ற விற்பனையாளருக்கும் நடந்த வழக்கில், 1999இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. பழைய அசல் ரோலெக்ஸில் வேறு கம்பெனியின் வளையமும் டயலும் செயினும் மாட்டி, ரோலெக்ஸ் முத்திரையை அப்படியே வைத்து விற்பதுகூடப் போலிச் சரக்குதான். அசலில் போலியைக் கலந்ததற்கே இந்தத் தீர்ப்பு. எதிர்ப்பக்கம் 2021இல் ஹாமில்டன் - வோர்டிக் வழக்கு. நூறு வருடப் பழைய ஹாமில்டன் பாக்கெட் வாட்ச் மெஷின்களைப் புதுக் கேஸில் வைத்துக் கைக்கடிகாரமாக விற்ற வோர்டிக் ஜெயித்தது. தன் பெயரை வெளிப்படையாகப் போட்டு, எது பழசு எது புதுசு என்று சொல்லி விற்றார்கள், யாரும் ஏமாறவில்லை. இந்தியாவில் 1999ஆம் வருட வணிகக்குறிச் சட்டப்படி பொய்க்குறி இட்ட பொருளை விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம்வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம்வரை அபராதம். உள்ளே 3135 ஓடுகிறது என்பது அங்கே வாதமாகாது. சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர் கையில் கட்டியிருந்தாலும் ஆபத்துதான். 2008 ஜூலையிலிருந்து சொந்த உபயோகத்துக்கான போலியைக்கூடச் சுங்கத்தில் பறித்து அழிக்க அங்கே சட்டம் இருக்கிறது. மூவாயிரம் டாலர் மெஷினும் கூடவே போகும்.

அடுத்த வருடத்துச் செலவையும் யோசிக்க வேண்டும். மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும். ரோலெக்ஸ் சர்வீஸ் இதைத் தொடாது. அசல் வாட்சில் வேறு கம்பெனியின் பாகம் ஒன்று இருந்தாலே அதை மாற்றாமல் வேலை பார்க்க மறுப்பவர்கள் அவர்கள். வெளியில் இருக்கும் நல்ல மெக்கானிக்கும் தன் பெயர் கெடும் என்று ஒதுங்குவார். துணிந்து எடுப்பவர் கேட்டதுதான் கூலி.

கை பரபரக்கிறது, வாட்சைப் பிரித்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. செய்கோவின் என்எச்35 மெஷின் மற்ற கம்பெனிகளுக்கு விற்பதற்கென்றே செய்வது. 24 கல், 41 மணி நேரம் ஓடும், விலையும் கைக்கு அடக்கம். அதற்குப் பொருந்தும் கேஸ், டயல், முள் எல்லாம் தனித்தனியே கிடைக்கும். அடுத்தவர் பெயர் இல்லாத டயலாகப் பார்த்து வாங்கி, முதல் இரண்டைக் கெடுத்து மூன்றாவதில் கற்றுக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ரோலெக்ஸ்தான் வேண்டும் என்றால் அந்த 7,200ஐ இரண்டு வருடம் சேர்த்து, இன்னும் கொஞ்சம் போட்டு, நம்பகமான இடத்தில் முழு அசலாக ஒன்றை வாங்குங்கள். ஏற்கெனவே அசல் டயல் ஒன்றை வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை டயலாகவே விற்றுவிடுங்கள். கால்கள் இரண்டும் இருக்கும்வரை போட்ட பணம் பெரும்பாலும் திரும்பி வரும்.